ஆறு எழுத்தில் அடங்கும் மரபணு: பிசிஎல்11ஏ, ஒரு நிகழ்வு ஆய்வு

படியெடுத்தல் காரணிகள், அதாவது டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள், டிஎன்ஏவில் போய் ஒட்டி மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும், அதாவது அவற்றிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கப்படுவதைக் கூட்டும் அல்லது குறைக்கும். பாடப்புத்தகம் இதை இந்த ஒரு வரியில் முடித்துவிடும். பக்கத்திலேயே ஒரு படம், அதில் நேர்கோட்டின் மேல் முட்டை வடிவத்தில் ஒரு புரதம் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு அம்புக்குறி. எங்கே ஒட்டுகிறது, ஏன் அங்கே மட்டும் ஒட்டுகிறது, ஒட்டிய பிறகு என்னதான் செய்கிறது என்று அந்தப் படத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால் பொதுவாகப் பேசாமல், கண்டுபிடிப்பில் ஆரம்பித்து நோயாளியின் படுக்கை வரை முழுதாகத் தொடர முடிகிற ஒரே ஒரு நிகழ்வை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பிசிஎல்11ஏ என்ற புரதம் கரு ஹீமோகுளோபினை எப்படி அடக்குகிறது, அந்த அடக்குமுறையை எப்படித் தளர்த்தினார்கள் என்பதுதான் அது. இந்தத் துறையில் இவ்வளவு விவரமாக, எழுத்து எழுத்தாகப் புரிந்துகொள்ளப்பட்ட மனித நிகழ்வுகள் ரொம்பக் குறைவு. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: காரணி எந்தப் புரதம் என்பதைவிட, அது டிஎன்ஏவில் எந்த இடத்தில் உட்காருகிறது, அந்த இடத்தைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது.

பிரச்சினை என்ன

ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது. பெரியவர்களிடம் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. கருவில் இருக்கும் சிசுவுக்கு பீட்டாவுக்குப் பதில் காமா. காமா உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள அது வேண்டும். பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் இந்தக் கரு வகைதான். பிறகு ஒரு வருடத்துக்குள் அது மளமளவென இறங்கி, பெரியவர்களிடம் 1 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடுகிறது. காமா மரபணுக்கள் எங்கும் போகவில்லை. 11ஆம் குரோமோசோமில் எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா என்ற வரிசையில் அப்படியே பழுதில்லாமல் இருக்கின்றன. அவற்றை யாரோ பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம்? டிஎன்ஏ எழுதப்பட்டிருப்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில், அதாவது அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு காரங்களில். கதிர் அரிவாள் இரத்தசோகையில் பீட்டா மரபணுவின் ஒரே ஒரு எழுத்து, ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி, மாறிப்போகிறது. அதனால் ஆறாவது அமினோ அமிலமான குளூடாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வந்து உட்காருகிறது. ஆக்சிஜனை இழந்ததும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் சிறு இரத்தக் குழாய்களை அடைக்கும், அதில் வரும் வலி மிகக் கொடியது. 1948இலேயே ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: இந்த மரபணுவோடு பிறந்த பச்சிளம் குழந்தைகளின் இரத்தத்தில் அரிவாள் அணுக்கள் குறைவு, கரு ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காப்பாற்றுகிறது போலும். சரியாகத்தான் சொன்னார். காமா கலந்த ஹீமோகுளோபின் அந்த இழைகளில் சேராது, சேர முயலும் மற்றவற்றையும் தடுக்கும். ஆக, பெரியவர்களிடம் காமாவை மறுபடி பேசவைத்தால் நோய் தணியும் என்பது எழுபது வருடத்துக்கு மேல் பழைய யோசனை. தெரியாமல் இருந்தது, அதன் வாயை அடைப்பது யார் என்பதுதான்.

துப்பு கிடைத்தது

சில குடும்பங்களில் பெரியவர்களானபின்னும் கரு ஹீமோகுளோபின் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது, தற்செயலாக இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். காமா மரபணுவின் புரோமோட்டரில், அதாவது படியெடுத்தல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள பகுதியில், இவர்களுக்கு ஒற்றை எழுத்து மாற்றங்கள் இருந்தன. விசேஷம் என்னவென்றால், அந்த மாற்றங்கள் கண்டபடி சிதறிக்கிடக்கவில்லை. தொடக்கப் புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 115ஆவது எழுத்தைச் சுற்றி ஒரு கூட்டம், 200ஆவது எழுத்தைச் சுற்றி இன்னொரு கூட்டம். இரண்டு இடத்திலும் ஏதோ ஒரு அடக்குபவர் வந்து உட்காருகிறார், எழுத்து மாறினால் அவரால் உட்கார முடியவில்லை என்று ஊகிக்கலாம். ஊகித்தார்கள். ஆனால் ஆள் அகப்படவில்லை.

ஆள் வேறு வழியாக அகப்பட்டார். 2007, 2008இல் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டு, கரு ஹீமோகுளோபின் அளவோடு எந்தெந்த எழுத்து வேறுபாடுகள் சேர்ந்து வருகின்றன என்று தேடிய ஆய்வுகள் வந்தன. குளோபின் மரபணுக்களோடு, அதாவது ஹீமோகுளோபின் சங்கிலிகளுக்கான மரபணுக்களோடு, எந்தச் சம்பந்தமும் இல்லாத 2ஆம் குரோமோசோமில், பிசிஎல்11ஏ என்ற மரபணுவுக்குள் ஒரு அழுத்தமான தடயம் தெரிந்தது. அதுவரை அந்த மரபணுவை வெள்ளணுப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் தெரியும். 2008இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவில் விஜய் சங்கரனும் மற்றவர்களும் மனித சிவப்பணு முன்னோடிகளில் பிசிஎல்11ஏவைக் குறைத்துப் பார்த்தார்கள், காமா எழுந்தது. 2011இல் அதே குழு, அரிவாள் நோய் உள்ள எலிகளின் சிவப்பணுத் தொடரில் பிசிஎல்11ஏவை முற்றிலும் நீக்கியபோது நோயே சரியானது. அடக்குபவர் யார் என்பதில் அதன் பிறகு சந்தேகமில்லை. எங்கே உட்கார்ந்து அடக்குகிறார் என்பதற்குப் பதில் கிடைக்க மேலும் ஏழு வருடம் ஆயிற்று, அதுதான் இந்த நிகழ்வின் சுவையான பகுதி.

எழுத்தை எப்படி வாசிக்கிறது

அதற்கு முன், புரதம் டிஎன்ஏவை வாசிப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பலர் இரட்டை இழை பிரிந்தால்தான் எழுத்துகளைப் படிக்க முடியும் என்று நினைக்கிறார்கள். தேவையில்லை. முறுக்கிய இழையின் வெளிப்புறத்தில் ஒரு அகன்ற பள்ளமும் ஒரு குறுகிய பள்ளமும் ஓடுகின்றன. ஒவ்வொரு காரச் சோடியின், அதாவது எதிரெதிர் இழைகளில் இணைந்து நிற்கும் இரண்டு எழுத்துகளின், விளிம்பும் இந்தப் பள்ளங்களுக்குள் எட்டிப்பார்க்கும். அகன்ற பள்ளத்தில் பார்த்தால் ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும் இடம், வாங்கும் இடம், தைமினின் மெத்தில் முனை எல்லாம் சேர்ந்து நான்கு சோடிகளுக்கும் நான்கு விதமான அமைப்பு தெரியும். குறுகிய பள்ளத்தில் ஏ-டியும் டி-ஏவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், பிரித்தறிய முடியாது. அதனால்தான் பெரும்பாலான காரணிகள் ஒரு ஆல்ஃபா சுருளை அகன்ற பள்ளத்துக்குள் நுழைத்து வாசிக்கின்றன.

மனிதரிடம் சுமார் 1,600 படியெடுத்தல் காரணிகள் உண்டு, அவற்றில் பாதியை நெருங்கும் அளவு 'துத்தநாக விரல்' குடும்பத்தைச் சேர்ந்தவை. பிசிஎல்11ஏவும் அப்படித்தான். ஒரு விரல் என்பது சுமார் 30 அமினோ அமிலங்கள், இரண்டு சிஸ்டைனும் இரண்டு ஹிஸ்டிடினும் ஒரு துத்தநாக அயனியைக் கவ்விப் பிடித்து அந்தச் சிறு மடிப்பைக் கலையாமல் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு விரலும் தோராயமாக மூன்று எழுத்துகளைத் தொடும். ஆர்ஜினின் குவானினை விரும்பும், அஸ்பரஜின் அடினினை விரும்பும் என்று சில வழக்கமான சேர்க்கைகள் உண்டு, ஆனால் அதைச் சூத்திரமாக எடுத்துக்கொண்டு எந்தப் புரதம் எந்த வரிசையில் ஒட்டும் என்று கணிக்கப் போனால் அடிக்கடி சறுக்கும். பிசிஎல்11ஏவில் பல விரல்கள் இருந்தாலும் காமா புரோமோட்டரை வாசிப்பது வால் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று விரல்கள், அதாவது 4, 5, 6. அவை தேடும் வரிசை டி-ஜி-ஏ-சி-சி-ஏ, மொத்தம் ஆறு எழுத்து.

ஆறு எழுத்து என்பது மிகச் சின்ன வார்த்தை. நான்கு எழுத்து மட்டுமே உள்ள மொழியில் ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்து வரிசை தற்செயலாகவே 4,096 இடத்துக்கு ஒருமுறை வரும். இரண்டு இழைகளையும் சேர்த்தால் 2,048க்கு ஒருமுறை. மனித மரபணுத் தொகுப்பில் 310 கோடி சோடிகள், வகுத்துப் பாருங்கள், சுமார் 15 லட்சம் இடம். ஒரு காரணி இத்தனை இடத்திலும் ஒட்டி வேலை செய்தால் செல் உருப்படாது. உண்மையில் இந்த இடங்களில் மிகச் சிறு பகுதியில்தான் அது நிலைத்து உட்காருகிறது. பெரும்பாலான டிஎன்ஏ ஹிஸ்டோன் உருண்டைகளைச் சுற்றி, ஒரு உருண்டைக்கு 147 சோடி வீதம், சுருண்டு கிடப்பதால் அங்கே வரிசை இருந்தும் பயனில்லை. திறந்திருக்கும் இடத்திலும்கூட பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்கள் கைகொடுக்கிறார்களா தள்ளிவிடுகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். உட்கார்ந்தாலும் நிரந்தரமாக அல்ல. உயிருள்ள செல்லில் ஒற்றை மூலக்கூறுகளைப் படமெடுத்துப் பார்த்தவர்கள், பல காரணிகள் சரியான இடத்தில்கூட சில நொடிகள், போனால் சில பத்து நொடிகள்தான் தங்குவதாகக் கண்டிருக்கிறார்கள். முட்டை வடிவத்தில் ஆணியடித்தது போல உட்கார்ந்திருக்கும் பாடப்புத்தகப் படத்தில் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான்.

தேடியவர்களின் கண்ணுக்குத் தப்பிய இடம்

2010 வாக்கில் பிசிஎல்11ஏ எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடினார்கள். பயன்படுத்திய முறை வழக்கமானது: ஃபார்மால்டிஹைடு ஊற்றி புரதத்தையும் டிஎன்ஏவையும் இருந்த இடத்திலேயே பிணைத்து, ஒலி அலையால் துண்டு துண்டாக உடைத்து, பிசிஎல்11ஏவுக்கான எதிர்ப்பொருளைக் கொண்டு அதோடு சேர்ந்த துண்டுகளை மட்டும் மீன்பிடிப்பது. குளோபின் கொத்துக்கு முன்னால் தூரத்தில் இருக்கும் எல்சிஆர் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில் தெரிந்தது, காமாவுக்கும் பீட்டாவுக்கும் இடையே உள்ள பகுதியிலும் தெரிந்தது. காமா புரோமோட்டரில் தெரியவில்லை! அப்படியானால் அது தூரத்தில் இருந்துகொண்டு, டிஎன்ஏவின் மடிப்பை மாற்றித்தான் காமாவை அடக்குகிறது என்ற எண்ணம் வேரூன்றியது. கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் குடும்பங்களில் கண்ட 115ஆம் இடத்து மாற்றங்கள் அந்த விளக்கத்தோடு ஒட்டவே இல்லை.

2018இல் இரண்டு குழுக்கள் முடிச்சை அவிழ்த்தன. பாஸ்டனில் ஆர்கின் குழு முதலில் வெறும் டிஎன்ஏ துணுக்குகள் பதித்த தட்டில் பிசிஎல்11ஏ எந்த வரிசையைப் பிடிக்கிறது என்று பார்த்து, மேலே சொன்ன டி-ஜி-ஏ-சி-சி-ஏவைக் கண்டுபிடித்தது. பிறகு 'கட் அண்ட் ரன்' என்ற புதிய முறையை எடுத்தது. இதில் ஒலி அலையால் உடைக்கும் வேலை கிடையாது. எதிர்ப்பொருளின் வாலில் டிஎன்ஏவை வெட்டும் ஒரு நொதியைக் கட்டி அனுப்பினால், புரதம் இருக்கும் இடத்தின் இரு பக்கமும் அது வெட்டும், சின்னஞ்சிறு துண்டு மட்டும் வெளியே வரும். பின்னணி இரைச்சல் குறைவு, இடமும் துல்லியமாகத் தெரியும். இப்போது காமா புரோமோட்டரில் பிசிஎல்11ஏ பளிச்சென்று தெரிந்தது. அதே வருடம் ஆஸ்திரேலியாவில் மெர்லின் கிராஸ்லி குழு எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது: குடும்பங்களில் கண்ட மாற்றங்களைச் செல்களில் தாங்களே உண்டாக்கி, 115ஆம் இடத்து மாற்றங்கள் பிசிஎல்11ஏவைக் கழற்றிவிடுகின்றன, 200ஆம் இடத்து மாற்றங்கள் இசட்பிடிபி7ஏ என்ற இன்னொரு துத்தநாக விரல் அடக்கியைக் கழற்றிவிடுகின்றன என்று காட்டியது. இரண்டு கூட்டம், இரண்டு அடக்குபவர்கள். பல வருடங்களுக்கு முன் குடும்பங்களைப் பார்த்து ஊகித்தவர்கள் சரியாகத்தான் ஊகித்திருந்தார்கள், கருவிதான் பின்தங்கியிருந்தது. ஒரு முறையில் தெரியவில்லை என்பதை வைத்து 'அங்கே ஒட்டுவதில்லை' என்று எழுதுபவர்கள் இந்த எட்டு வருட இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

ஒரே வார்த்தை, இரண்டு இடம்

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். காமா புரோமோட்டரில் அந்த ஆறெழுத்து வார்த்தை ஒருமுறை அல்ல, இரண்டு முறை இருக்கிறது. தொலைவில் உள்ளது 118இல் தொடங்கி 113இல் முடிகிறது, அருகில் உள்ளது 91இல் தொடங்கி 86இல் முடிகிறது. இடைவெளி 27 எழுத்து. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆனால் செல்லுக்குள் பிசிஎல்11ஏ உட்காருவது தொலைவில் உள்ளதில்தான். குடும்பங்களில் கண்ட மாற்றங்களும் அந்தத் தொலைவுப் பிரதியில்தான் கொத்தாக இருக்கின்றன.

அருகில் உள்ள பிரதி யாருக்கு? இந்த ஆறெழுத்தின் கடைசிப் பகுதி, சி-சி-ஏ-ஏ-டி என்ற இன்னொரு பிரபலமான வரிசையோடு மேற்படிகிறது. அந்த வரிசையைப் பிடிப்பது என்எஃப்-ஒய் என்ற காரணி, ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருக்கும் ஒரு பொதுவான ஊக்கி. ஆர்கின் குழு 2021இல் காட்டியது என்னவென்றால், பிசிஎல்11ஏவை அகற்றினால் என்எஃப்-ஒய் ஓடிவந்து அருகில் உள்ள பிரதியில் உட்காருகிறது, புரோமோட்டர் திறக்கிறது, காமா ஓடத் தொடங்குகிறது. பிசிஎல்11ஏ இருந்தால் என்எஃப்-ஒய்க்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. ஒரு இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இருக்கையிலும் துண்டு போட்டு வைத்த கதைதான். அதாவது அடக்குவதில் பெரும்பங்கு, வேறொருவரை உள்ளே விடாமல் இருப்பதே.

அது மட்டும்தானா என்றால் இல்லை. பிசிஎல்11ஏ 'நுர்டு' என்ற கூட்டுப் புரதத்தொகுதியையும் தன்னோடு இழுத்துவருகிறது. அதில் ஹிஸ்டோன்களிலிருந்து அசிடைல் குழுக்களை உரித்தெடுக்கும் நொதிகளும், ஹிஸ்டோன் உருண்டைகளை நகர்த்தும் ஒரு இயந்திரமும் உண்டு. அசிடைல் போனால் டிஎன்ஏ இறுகும், இறுகினால் மற்றவர்கள் வருவது கடினம். இசட்பிடிபி7ஏவும் 200ஆம் இடத்தில் இருந்து இதே மாதிரி வேலையைத் தனியாகச் செய்கிறது. காமா அடங்கியபின் எல்சிஆர் வளைந்து வந்து பீட்டாவைத் தொடுகிறது. இந்த வளைவு விளைவு மட்டுமல்ல, காரணமாகவும் இருக்க முடியும் என்று 2014இல் கெர்ட் பிளோபெல் குழு காட்டியது. வயதுவந்த செல்களில் எல்சிஆரைச் செயற்கையாகக் காமா பக்கம் வளைத்துக் கட்டினார்கள், காமா ஏறியது, பீட்டா இறங்கியது. இந்த அடக்குமுறை எவ்வளவு நாளுக்கு நிலைக்கும் என்ற கேள்விக்கும் ஒரு பதில் உண்டு: பிசிஎல்11ஏ புரதத்தை வேகமாகச் சிதைக்கும் ஏற்பாட்டைச் செல்லுக்குள் வைத்துப் பார்த்தபோது, சில மணி நேரத்துக்குள்ளேயே காமாவின் படியெடுத்தல் மீண்டுவிட்டது. எப்போதோ பூட்டப்பட்டுச் சாவி தொலைந்த மரபணு அல்ல அது. ஒவ்வொரு நொடியும் யாரோ ஒருவர் பிடித்துவைத்திருப்பதால்தான் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு சின்னப் பக்கவாட்டுச் செய்தி. 113ஆம் இடத்தில் ஏ போய் ஜி வரும் ஒரு மாற்றம் உண்டு, அந்தக் குடும்பத்திலும் கரு ஹீமோகுளோபின் கூடுதல். இதுவும் பிசிஎல்11ஏவைக் கழற்றிவிடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆறெழுத்தின் கடைசி எழுத்துதானே அது. இல்லை, பிசிஎல்11ஏ அப்படியே ஒட்டுகிறது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: சி-சி-ஏ-ஏ-டி-ஏ-ஜி என்பது சி-சி-ஜி-ஏ-டி-ஏ-ஜி ஆகிவிட்டது. நடுவே ஜி-ஏ-டி-ஏ பிறந்துவிட்டது! காட்டா1 என்ற சிவப்பணுக்களின் தலைமை ஊக்கி தேடும் வரிசை அது. ஒரே எழுத்து மாற்றத்தில் புதிய ஊக்கிக்கு இருக்கை கிடைத்துவிட்டது. இதே பாணியில் 198ஆம் இடத்து மாற்றம் ஒன்று கேஎல்எஃப்1 என்ற ஊக்கிக்கும், 175ஆம் இடத்து மாற்றம் டிஏஎல்1 என்ற ஊக்கிக்கும் புதிய இடம் உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் குடும்பத்திலும் இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றுதான், உள்ளே நடப்பது எதிரெதிர்.

அடக்குபவரை ஆள்வது யார்

பிசிஎல்11ஏவும் ஒரு மரபணுவிலிருந்து வருவதுதான், அதையும் வேறு காரணிகள்தான் இயக்குகின்றன. கேஎல்எஃப்1 அதில் ஒன்று. 2010இல் மால்டா நாட்டுக் குடும்பம் ஒன்றில் கேஎல்எஃப்1இன் ஒரு பிரதி பழுதானவர்களுக்குக் கரு ஹீமோகுளோபின் உயர்ந்திருந்தது தெரியவந்தது. கேஎல்எஃப்1 நேரடியாக பீட்டாவையும் இயக்குகிறது, பிசிஎல்11ஏவையும் இயக்குகிறது, ஆக ஒரே ஆள் பீட்டாவை ஏற்றி காமாவை இறக்குகிறார். கருவில் ஏன் பிசிஎல்11ஏ வேலை செய்வதில்லை என்பதற்குக் கிடைத்த பதில் கொஞ்சம் எதிர்பாராதது: அங்கே அதன் ஆர்என்ஏ இருக்கிறது, ஆனால் லின்28பி என்ற புரதம் அந்த ஆர்என்ஏ புரதமாக மொழிபெயர்வதைத் தடுத்துவைக்கிறது.

நம் கதைக்குத் திருப்பம் தருவது 2013. டேனியல் பாயர், ஆர்கின் முதலியோர், 2007இல் கண்ட அந்த மரபுத் தடயங்கள் பிசிஎல்11ஏவின் புரதத்தைக் குறிக்கும் பகுதியில் இல்லை, புரதமாக மாறாத இடைப்பகுதிகளில் ஒன்றான இரண்டாவது இன்ட்ரானுக்குள் இருக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு என்ஹான்சர் இருந்தது, அதாவது தூரத்திலிருந்து மரபணுவை ஊக்கும் பகுதி. சிவப்பணு வழியில் மட்டுமே திறந்திருக்கும் ஒன்று. அதில் மூன்று திறந்த புள்ளிகள், தொடக்கப் புள்ளியிலிருந்து 55, 58, 62 ஆயிரம் சோடி தள்ளி. இந்தப் பகுதியை நீக்கினால் சிவப்பணுத் தொடரில் பிசிஎல்11ஏ சரிகிறது, பி வெள்ளணுக்களில் ஒன்றும் ஆவதில்லை. 2015இல் டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கத்தரியால் அந்தப் பகுதி முழுவதையும் நூற்றுக்கணக்கான இடங்களில் வெட்டிப் பார்த்து, எங்கே வெட்டினால் காமா அதிகம் ஏறுகிறது என்று வரைபடம் போட்டார்கள். 58ஆம் புள்ளியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விளைவு உச்சம். அங்கே இருந்தது ஒரு ஜி-ஏ-டி-ஏ. மறுபடியும் காட்டா1!

இந்தக் கண்டுபிடிப்பின் அருமை புரிய, பிசிஎல்11ஏ வேறு எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது இல்லாமல் பி வெள்ளணுக்கள் உருவாகாது. மூளை வளர்ச்சிக்கும் அது தேவை, ஒரு பிரதி பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு வருகிறது, கூடவே கரு ஹீமோகுளோபினும் உயர்ந்திருக்கிறது. இரத்த ஸ்டெம் செல்களுக்கும் அது வேண்டும். ஆகவே புரதத்தை ஒட்டுமொத்தமாக முடக்கும் மருந்து என்பது கை வைக்கத் தயங்க வேண்டிய விஷயம். ஆனால் சிவப்பணு மட்டும் பயன்படுத்தும் என்ஹான்சரில் ஒரு காட்டா1 இருக்கையை மட்டும் கெடுத்தால்? காட்டா1 புரதம் பத்திரமாக இருக்கும், அது இயக்கும் மற்ற மரபணுக்கள் பத்திரம். பிசிஎல்11ஏ மரபணுவின் புரதப் பகுதி பத்திரம், மூளையும் வெள்ளணுவும் வழக்கம்போல. சிவப்பணு வழியில் மட்டும் பிசிஎல்11ஏ குறையும். புரதம் பல செல்களுக்குப் பொது, இருக்கை ஒரு செல்லுக்குச் சொந்தம். படியெடுத்தல் காரணிகளை மருந்தால் அடிப்பது கடினம் என்று பல வருடமாகச் சொல்லிவந்தவர்கள் காரணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நோயாளியிடம்

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களைச் சேகரித்து, ஆய்வகத்தில் கேஸ்9 என்ற கிரிஸ்பர் கத்தரியை அந்த ஜி-ஏ-டி-ஏ மீது ஏவுகிறார்கள். கத்தரி இரண்டு இழையையும் வெட்டும். செல் அவசர அவசரமாக ஒட்டும்போது சில எழுத்துகள் விழும் அல்லது நுழையும், வரிசை சிதைந்துவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான். இங்கே புது மரபணு எதையும் சேர்ப்பதில்லை, துல்லியமாக எதையும் திருத்துவதும் இல்லை, ஒரு வார்த்தையைக் கெடுப்பதோடு சரி. பிறகு நோயாளிக்கு புசல்ஃபான் என்ற கடுமையான கீமோ மருந்து கொடுத்து, பழைய மஜ்ஜையைக் காலி செய்து, வெட்டிய செல்களைத் திரும்ப ஏற்றுகிறார்கள்.

2020 டிசம்பரில் முதல் இரண்டு நோயாளிகளின் முடிவு வெளியானது, ஒருவருக்கு அரிவாள் நோய், மற்றவருக்குத் தலசீமியா, அதாவது பீட்டா சங்கிலி போதாமல் வரும் இரத்தசோகை. இருவருக்கும் கரு ஹீமோகுளோபின் நன்றாக உயர்ந்தது. கேஸ்ஜெவி என்ற பெயரில் இதற்கு 2023 நவம்பர் 16இல் பிரிட்டனும், டிசம்பர் 8இல் அமெரிக்காவும் ஒப்புதல் கொடுத்தன, கிரிஸ்பர் அடிப்படையில் உலகில் ஒப்புதல் பெற்ற முதல் சிகிச்சை இது. அமெரிக்க ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட தரவில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 அரிவாள் நோயாளிகளில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து கடும் வலித் தாக்குதல் வரவில்லை. மொத்த ஹீமோகுளோபினில் 40 சதவீத அளவுக்குக் கரு வகை. ஏறக்குறைய எல்லாச் சிவப்பணுக்களிலும் அது பரவி இருந்தது என்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் பாதி அணுவில் நிறைய, பாதி அணுவில் இல்லை என்றால் அந்தப் பாதி வளைந்துகொண்டேதான் இருக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. புசல்ஃபான் மலட்டுத்தன்மை உட்படப் பல தொல்லைகளைத் தரக்கூடியது, வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க வேண்டும், செல் சேகரிப்பே சிலருக்குப் பலமுறை செய்ய வேண்டியிருக்கிறது. டிஎன்ஏவில் செய்தது ஒரு துளி மாற்றம். அதைச் செய்ய உடம்பு கொடுக்கும் விலை அப்படித் துளியாக இல்லை.

மறுமுனையிலும் முயற்சிகள் நடக்கின்றன. பிசிஎல்11ஏவைக் குறைப்பதற்குப் பதிலாக, காமா புரோமோட்டரில் அது உட்காரும் அந்தத் தொலைவு டி-ஜி-ஏ-சி-சி-ஏவையே கெடுப்பது. யோசித்தால் இதுதான் இன்னும் நேரான வழி, குடும்பங்களில் இயற்கை செய்ததும் இதைத்தான், சிவப்பணுவில் பிசிஎல்11ஏ செய்யும் மற்ற வேலைகளும் தொடரும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், காமா மரபணு இரண்டு, புரோமோட்டரும் ஏறக்குறைய ஒரே எழுத்தில் இரண்டு, ஒரே கத்தரி இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டிவிடும். அப்படி வெட்டினால் சில செல்களில் இரண்டு வெட்டுக்கும் இடையே உள்ள சுமார் 4,900 சோடி அப்படியே கழன்று விழுந்து, ஒரு காமா மரபணுவே போய்விடும். மீதமுள்ள ஒன்று ஓடும் என்பதால் அது பெரிய நஷ்டமில்லை என்று ஒரு தரப்பு நினைக்கிறது. இன்னொரு தரப்பு, வெட்டவே வேண்டாம், இழையை முறிக்காமல் எழுத்தை மட்டும் வேதியியலாக மாற்றும் பேஸ் எடிட்டர்களைக் கொண்டு அந்த இடத்தைக் கெடுத்தால் போதும் என்று போகிறது. இரண்டு வழியிலும் மனிதச் சோதனைகள் நடந்திருக்கின்றன. இரண்டிலும் முதல் நோயாளிகளுக்குக் கரு ஹீமோகுளோபின் உயர்ந்திருக்கிறது.